நிற்க வைத்த மரியாதை

ஏப்ரல் 27, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரமாகிறது. விசைப்படகுகள் கரையோரம் சும்மா கிடக்கின்றன. ஊரின் ஆண்களில் பாதிப் பேர் மைதானச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இப்போது எங்கள் பயிற்சிக்கும் பார்வையாளர்கள் உண்டு.

அந்தோனியார் திருவிழாக் கால்பந்துப் போட்டியில் இந்த வருடம் முதல்முறையாகப் பெண்களுக்கும் ஆட்டம் வைக்கிறார்கள். நான்கு ஊர் அணிகள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் நேரே இறுதியாட்டம்.

கிளைட்டன் அண்ணன் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்; துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் மைதானம். உடம்பைச் சூடாக்குவது என்றால் அவருக்கு இரண்டு சுற்று ஓட்டம், பிறகு ஆளுக்கொரு பந்தை கோலுக்கு அடிப்பது. இதில் கோல்கீப்பர் மெட்டில்டாவுக்கு மட்டும் உடம்பு நன்றாகச் சூடாகும். மற்றவர்கள் வரிசையில் நின்று கதை பேசுவோம்.

இன்று என்னைக் கூப்பிட்டு, “ஆபரேசனுக்கப்புறம் ஒனக்கு சொல்லிக் கொடுத்தாவள்லா, அதையெல்லாம் இவளுகளுக்கும் செஞ்சு காட்டேன்” என்றார். சரி என்றேன். பிடித்த வேலை. நான் விளையாடுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே 1, வியாழன்

மே தினம், நூலக வேலைக்கு விடுமுறை. மத்தியானம் முழுவதும் மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்து பயிற்சிகளை வரிசைப்படுத்தினேன். முதலில் மெதுவான ஓட்டம். ஓடியபடியே இடுப்பைத் திறந்து மூடுவது, பக்கவாட்டில் ஓடுவது. அடுத்து வலுவுக்கானவை. முழங்காலில் நின்று, பின்னால் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். தொடையின் பின்தசைக்கு இது நல்லது. பிறகு ஒற்றைக் காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது, குதித்து மெத்தென்று இறங்குவது. கடைசியில் வேகமாக ஓடித் திடீரென்று திசை மாற்றுவது.

திருநெல்வேலியில் எனக்குச் சிகிச்சை தந்த பெண், கால்பந்து ஆடுகிறவர்களின் காயங்களில் நிறைய, யாரும் மோதாமலே வருபவை என்று சொன்னார். என்னுடையதும் அப்படித்தான். அன்றைக்கு வெளியூர் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேனிலேயே உடை மாற்றிக்கொண்டு நேராக மைதானத்தில் இறங்கினோம். முதல் பந்தையே தலையால் முட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை. இடது காலில் இறங்கினேன், முட்டிக்குள் ஏதோ அறுந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சாளை வறுவல். நாட்டுப்படகு மீன் என்பதால் விலை அதிகம் என்று அம்மா சொல்லிக்கொண்டே பரிமாறினாள். ஒரு பெரிய ருஷ்ய நாவலின் பாதியில் இருக்கிறேன். அதில் எல்லோரும் எதையாவது ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுகமான வாசிப்பு.

மே 4, ஞாயிறு

முதல் நாள். நினைத்ததைவிட மோசமில்லை.

“ஏட்டி ஜெனோ, இதென்ன ஜெபமாலையா? முடியவே மாட்டேங்குது” என்றாள் அக்சிலியா. எங்கள் அணியில் அவள்தான் கோல் போடுகிறவள். ஆகவே அவள் என்ன சொன்னாலும் சட்டம்.

“அம்பத்து மூணு மணியும் உருட்டினாத்தான் பந்து தருவாளாம்” என்று மெட்டில்டா குப்புறப் படுத்தபடியே சொன்னாள்.

அன்றிலிருந்து, அதாவது இன்றிலிருந்து, இதற்குப் பெயர் ஜெபமாலை.

முன்னால் சாயும் பயிற்சியில் ஒருத்திக்கும் பாதி தூரம்கூடத் தாங்க முடியவில்லை. பொத்து பொத்தென்று விழுந்தார்கள். சுவரிலிருந்து ஒரு குரல்: “ஏ பிள்ளைகளா, மண்ணுக்கு முத்தம் குடுக்கத்தான் வந்தியளா? பந்து எங்க?”

“பந்து ஒங்க வலையில கெடக்கு, போய் எடுத்துட்டு வாங்க. கடலுக்குத்தான் போவலையே” என்றாள் அக்சிலியா. சுவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டது.

மே 9, வெள்ளி

புத்தகங்களைத் தட்டில் மாற்றி அடுக்கும் வேலை. கரையான் பயம். தும்மல்.

மே 18, ஞாயிறு

பெண்கள் மாறிவிட்டார்கள். சாயும் பயிற்சியில் அக்சிலியா கிட்டத்தட்ட தரைவரை தாங்குகிறாள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி தப்பாக இறங்கினால் மற்றவர்களே “முட்டி, முட்டி” என்று கத்துகிறார்கள். போன வருடம் இந்நேரம் கணுக்கால், இடுப்பு என்று எப்போதும் இரண்டு பேர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மாதம் ஒருவருமில்லை. பார்க்க நிறைவாக இருக்கிறது. ஒரு காரியத்தைப் பின்னால் நின்று செய்வதில் இவ்வளவு திருப்தி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது மெட்டில்டா கேட்டாள்: “ஒத்தக்கால்ல குதிச்சு எறங்குறதைக் காட்டும்போது நீ ஏன் எப்பவும் வலது கால்லயே காட்டுத? இடதுக்கு என்னைக் காட்டச் சொல்லுத?”

நான் கவனித்ததில்லை என்றேன். கோல்கீப்பர்களுக்கு மற்றவர்களுடைய கால்களைப் பார்த்துப் பார்த்தே பழக்கம் ஆகிவிடுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 25, ஞாயிறு

கிளைட்டன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது பின்காவலுக்கு ஆள் சரியில்லையாம். “நீ இருந்தா எனக்குத் தூக்கம் வரும்” என்றார்.

“டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிருக்காவ அண்ணே” என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: “எந்த டாக்டர்? நம்ம டாக்டர் மார்ச்சுலயே ஆடலாம்னு சொல்லிட்டாவள்லா?”

அண்ணன் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “சரி, ஜெபமாலையை மட்டும் விட்டுராத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவர் சொன்னது பொதுவாகச் சொன்னது. அம்மா அருகில் இருந்தாள்தான், ஆனால் மருத்துவர்கள் சொல்வதில் எப்போதும் ஒரு ‘ஆனால்’ இருக்கும். அது அம்மாவின் காதில் விழுந்திருக்காது. நாவலை முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று தெரியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

முதல் ஆட்டம். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கோவில்முனை அணியுடன் ஆட்டம். ஜெபமாலையை நன்றாகச் செய்தோம். எல்லோர் முகத்திலும் வியர்வை. கால்கள் தாமாகத் துள்ளின. அப்போது விழாக் கமிட்டிச் செயலாளர் ததேயு மாமா ஒலிபெருக்கியில் வந்தார். “இரு அணி வீராங்கனைகளும் மைதான நடுவில் அணிவகுத்து நிற்கவும்.”

ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினர். பெண்கள் முதல்முறை ஆடுவதால், கௌரவிக்க வேண்டும் என்று ஆறு பேர். கோவில் பங்குச்சாமியார், ஊராட்சித் தலைவர், ஐஸ் பிளான்ட் முதலாளி, ஒலிபெருக்கி கொடுத்தவர், ஒலிபெருக்கி கொடுத்தவரின் சம்பந்தி, இன்னொருவர் யாரென்று எனக்கு இப்போதும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. ஒவ்வொருவரும் வரிசை முழுவதும் நடந்து, கை கொடுத்து, பெயர் கேட்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள். பிறகு ஆறு பேரும் பெண்களைப் பற்றிப் பேசினார்கள். வானத்தில் பறக்கிறார்கள், கப்பல் ஓட்டுகிறார்கள் என்று. அதுவரை எங்கள் பெண்கள் கையைப் பின்னால் கட்டி அசையாமல் நின்றார்கள். சாயங்காலக் கடற்காற்று வேறு. நான் ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டில்களோடு நின்றேன்.

விசில் ஊதிய கொஞ்ச நேரத்திலேயே மெட்டில்டா உதைத்த நெடும்பந்தை அக்சிலியா துரத்தினாள். பாதி ஓட்டத்தில், பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோலத் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

தூக்கி வரும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஒன் ஜெபமாலைதாட்டி என்னைக் கவுத்துச்சு. இழுத்து இழுத்துக் காலு நைஞ்சு போச்சு.”

சுவரும் அதைத்தான் சொன்னது. “ஆட முந்தியே அம்புட்டுக் குதி குதிச்சா கால் என்னத்துக்கு ஆவும்?”

ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். பிரிசில்லா ஃப்ரீகிக்கில் ஒரு கோல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம், மேலக்கரை அணியோடு. யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

ஜூன் 2, திங்கள்

நூலகத்தில் ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து திறந்து வைத்திருந்தேன். தப்பு என்னுடையதாக இருக்குமோ என்று பயிற்சிகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் கோளாறு தெரியவில்லை. கோளாறு தெரியாதது ஆறுதலாகவும் இல்லை.

சாயங்காலம் அக்சிலியாவைப் பார்க்கப் போனேன். ஐஸ் பிளான்ட் முதலாளியே ஒரு மூட்டை ஐஸ் அனுப்பியிருக்கிறார். அதைத் துணியில் சுற்றித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி படுத்திருந்தாள்.

“நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காத. வலியில வந்துச்சு.”

“நெசமா இருந்தா சொல்லு.”

யோசித்தாள். “கோலுக்குப் பக்கத்துல குதிச்சு முடிக்கும்போது காலு பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சுட்டி. பொறவு அந்தச் சம்பந்தி வந்து, நீ யாரு மவ, அப்பா எந்தப் படகு, தாத்தா யாருன்னு வம்சம் பூரா கேட்டாரு பாரு. அவரு நகரும்போதே பின்தொடை கட்டயா இருந்துச்சு. நீட்டி விடலாம்னு பாத்தேன். ததேயு மாமா மொறச்சாரு.”

அவளுக்குச் சொல்லத் தெரிந்தது எனக்கு நேற்று தெரியவில்லை. சூடேற்றிய உடம்பை ஆற வைத்து, பிறகு ஓடவிட்டிருக்கிறோம். அது மரியாதைக்காக.

ஜூன் 3, செவ்வாய்

கிளைட்டன் அண்ணனும் நானும் ததேயு மாமா வீட்டுக்குப் போனோம். மரியாதை முடிந்தபின் உடம்பைச் சூடாக்க நேரம் தர வேண்டும், இல்லையென்றால் பேச்சை இடைவேளைக்கு மாற்ற வேண்டும் என்று அண்ணன் கேட்டார்.

“ஆட்டம் இருட்டுறதுக்குள்ள முடியணும். லைட்டு கெடையாது. எடவேளையில பேசினா எவன் கேப்பான்? எல்லாரும் சுண்டல் வாங்கப் போயிருவான்.”

“அப்ப விருந்தாளியைக் கொறைங்க மாமா.”

“பொன்னாடை எடுத்தாச்சுப்பா. நோட்டீசுல பேரு போட்டாச்சு. இப்ப கொறச்சா, பொம்பளப் பிள்ளைய ஆட்டத்துக்கு மட்டும் மரியாதை கொறஞ்சு போச்சுன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவிய.” என்னைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்லுத? புஸ்தகம் படிக்குற பிள்ளை.”

நான்கு நல்ல வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். “சரி மாமா” என்றேன்.

திரும்பும் வழியில் அண்ணன் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். தெருமுனையில் நின்று, “அக்சி இல்ல. ஸ்டெபிக்கு மதுரையில நர்சிங் பரீட்சை. எண்ணிப் பாத்துட்டேன். நீ வந்தா பதினொண்ணு, இல்லன்னா பத்து. கட்டாயம் இல்லம்மா. சொல்லிட்டேன், அவ்வளவுதான்” என்றார்.

ஜூன் 5, வியாழன்

சம்மதம் சொல்லிவிட்டேன். ஆள் குறைகிறது என்பதால்.

ஜூன் 6, வெள்ளி

பயிற்சியில் எல்லாம் சரியாகப் போனது. பந்து காலில் ஒட்டுகிறது. தலைப்பந்துகளை விட்டுவிட்டேன், இன்று காற்று அதிகம்.

முடிந்ததும் மெட்டில்டா மண்ணைத் தட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

“காத்து எல்லாருக்கும்தான் அடிச்சுது” என்றாள்.

நான் பையைத் தோள் மாற்றிப் போட்டேன்.

“எனக்கு ஒருதடவ விரல் ஒடிஞ்சுச்சுல்லா. அப்புறம் நாலு ஆட்டம் பந்தைப் பிடிக்காம தட்டித் தட்டி விட்டேன். கிளைட்டன் அண்ணன் என்னமா தட்டுதான்னு புகழ்ந்தாரு. நான் பயந்துட்டு தட்டுனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. ஒரு பந்து நெஞ்சுக்கே வந்துச்சு. தட்ட முடியல, பிடிச்சேன்.”

இதில் எனக்கு என்ன பாடம் என்று கேட்டேன். “பாடமெல்லாம் ஒங்க நூலகத்துல போய்த் தேடு” என்று சொல்லிவிட்டுத் தன் சந்துக்குள் திரும்பிவிட்டாள்.

இரண்டாவது முறை ஆபரேசன் என்றால் இன்னொரு வருடம். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியது, அம்மா கையைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனது. இதை எழுதியாகிவிட்டது. இனி தூங்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மைதானத்தில் திருவிழாக் கூட்டம். ஜெபமாலையை முடித்தோம். ஒலிபெருக்கி கூப்பிட்டது. இந்த முறை நானும் வரிசையில். மெட்டில்டாவுக்கும் பிரிசில்லாவுக்கும் நடுவில். எதிரே மேலக்கரைப் பெண்கள். எல்லோரும் கையைப் பின்னால் கட்டினோம்.

இறுதியாட்டம் என்பதால் விருந்தினர்கள் ஏழு பேர். தலைமை விருந்தினர் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார். பக்கத்து ஊர்க்காரர், மீசை அபாரமானது. முதல் பொன்னாடை போர்த்தும்போதே காற்று முழங்காலில் படுவதை உணர்ந்தேன். இரண்டாவது பொன்னாடையில் மூட்டுக்குள் பழைய பிடிப்பு மெல்ல வந்து உட்கார்ந்தது. இப்படியே நின்று, இப்படியே ஓடினால் என்ன ஆகும் என்று அந்த மைதானத்தில் என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அக்சிலியா ஓரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய்க்குப் பதிலாகக் குதிகால்கள் எழுந்தன. மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கினேன். மறுபடியும். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

“எத்தனையாவது மணிட்டி?” என்று உதடு அசையாமல் கேட்டாள் மெட்டில்டா. அவளும் தூக்கினாள். பிறகு பிரிசில்லா. வரிசையில் அது அப்படியே ஓடியது. நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தினேன்; எல்லா முழங்கால்களும் உயர்ந்தன. எதிரே மேலக்கரைப் பெண்கள் முதலில் எங்களை முறைத்தார்கள். அவர்களுடைய கேப்டன் தன் கால்களைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அவளும் தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிசைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டம் சிரித்தது.

“பிள்ளைகளா, அசையாம நில்லுங்க” என்று ஒலிபெருக்கியில் ததேயு மாமா.

நிறுத்தியிருப்பேன். மாமா சொல்லி நான் நிறுத்தாத காரியம் இந்த ஊரில் இல்லை. ஆனால் அதற்குள் சுபேதார் ஒலிபெருக்கியை வாங்கிவிட்டார். முகம் பூரித்திருந்தது. “என் வாழ்நாளில் எத்தனையோ அணிவகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு எதிரணிகள் ஒரே தாளத்தில் நடைபோடுவதை இங்குதான் பார்க்கிறேன்” என்றார். பிறகு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பனிமலை, காவல்பணி, அதிகாலை அணிவகுப்பு என்று பேச்சு நீண்டது. அவர் பேசப் பேச நாங்கள் உட்கார்ந்து எழுந்தோம். பக்கவாட்டில் எட்டு வைத்தோம். ததேயு மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இந்த அணிவகுப்பு விழாக் கமிட்டியின் சிறப்பு ஏற்பாடு” என்று அறிவித்தார்.

கை கொடுக்க சுபேதார் என் அருகே வந்தபோது ஒற்றைக்கால் பயிற்சியில் இருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெயரென்னம்மா?” என்றார். “ஜெனோவா ஐயா, நூலகத்துல வேலை.” “நூலகத்தில் வேலையா? நல்லது, நல்லது. என்னென்ன பத்திரிகை வருகிறது?” சொன்னேன். அவர் நகர்ந்த பிறகு மெட்டில்டா என் காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். எல்லாப் பத்திரிகைகளையும் இடது காலில் நின்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம். முதல் பாதியில் பிரிசில்லா ஒரு கோல். இடைவேளைக்குப் பின் மேலக்கரை சமன் செய்தது. அவர்களுடைய வலது ஓரக்காரி மான்போல ஓடுகிறாள். அவளைப் பிடிப்பதுதான் எனக்கு வேலை. ஒரு மூலைப்பந்து உயரமாக வந்தது. அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன். பந்து நெற்றியில் பட்டது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தபோது பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எந்தக் காலில் இறங்கினேன் என்று நினைவில்லை. இடது கால் என்று மெட்டில்டா சத்தியம் செய்கிறாள்.

கடைசியில் அதே ஓரக்காரி என்னைத் தாண்டிப் போய் இரண்டாவது கோலை அடித்துவிட்டாள். சுத்தமாக என் தப்பு. அவளை உள்பக்கம் விட்டிருக்கக் கூடாது. இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். கிளைட்டன் அண்ணன் எல்லோர் முன்னாலும் திட்டினார்: “கண்ணை எங்க வெச்சிருந்த? பஸ்ஸுக்கா நின்ன?” மற்ற பின்காவலர்களைத் திட்டுவது போலவே திட்டினார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியக் கூடாதே என்று.

யாருக்கும் ஒரு பிடிப்புகூட இல்லை. அவர்களுக்கும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் எழுந்தவுடன், வழக்கம்போல் இடது முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை. ஆனால் கட்டிலிலிருந்து சட்டென்று இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்து நடந்தேன். அம்மா பதறிப்போய், “எந்தக் கால்ட்டி?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வலிக்கின்றன.